முப்பத்திரண்டு எழுத்துக்குள் தண்ணீர்

அரை மணி நேரத்தில் முடிகிற வேலை என்று சொல்லித்தான் முஸாஃபர் பாய் அனுசியாவை வேப்பங்கரிசலுக்கு அனுப்பினார். அவர் சொன்னது பொய்யில்லை. வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. முடிந்தது என்று எழுதி வாங்கத்தான் எழுபத்தொரு நாள் ஆயிற்று.

முஸாஃபர் பாய் தம்மாமில் பதினாறு வருஷம் பேனல் போர்டு வேலை பார்த்துவிட்டு வந்து, அருப்புக்கோட்டையில் சொந்தமாக ஒரு பட்டறை வைத்திருந்தார். அனுசியா ஐ.டி.ஐ. முடித்த கையோடு அங்கே சேர்ந்தவள். அதிகம் பேச மாட்டாள். "இந்தப் பிள்ளைக்கும் பி.எல்.சி.க்கும் ஒரே குணம். உள்ளுக்குள்ள எல்லாம் ஓடும், வாய் மட்டும் கெடையாது" என்று பாய் அடிக்கடி சொல்வார்.

பி.எல்.சி. என்பது பம்பு ஷெட்டின் இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிற மூளை. தொட்டிக்குள் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகத் தொங்குகிற இரண்டு மிதவைகள் சொல்வதைக் கேட்டு, மோட்டாரை ஓட்டுவதா நிறுத்துவதா என்று அது முடிவெடுக்கும். ஆனால் தான் நினைப்பதை யாரிடமும் சொல்லத் தெரியாது. அதற்கு வாய் வைக்கத்தான் டெக்ஸ்ட் டிஸ்பிளே. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைத் திரை, இரண்டு வரி, வரிக்குப் பதினாறு எழுத்து. ஆக முப்பத்திரண்டு.

பரளச்சிக்குத் தெற்கே கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது வேப்பங்கரிசல். புது ஆழ்துளைக் கிணறு, புதுத் தொட்டி, புது மோட்டார் எல்லாம் தயார். மெயின் சுவிட்சின் மேல் மட்டும் வறள்நிலக் குடிநீர் ஒருங்கிணைப்பு வாரியத்தின் அரக்கு முத்திரை இருந்தது. டிஸ்பிளே வேலை முடிந்ததும் வாரியத்தார் வந்து முத்திரையை உடைப்பார்கள். அதுவரை வாரத்துக்கு இரண்டு தடவை லாரித் தண்ணீர்.

அனுசியா டிஸ்பிளேயை பி.எல்.சி.யோடு கேபிளில் இணைத்தாள். இரண்டும் ஒரே வேகத்தில் பேசினால்தான் ஒன்றுக்கொன்று புரியும், இல்லாவிட்டால் திரையில் கட்டம் கட்டமாகக் குப்பை வரும். இரண்டையும் ஒரே வேகத்துக்கு வைத்தாள். பி.எல்.சி.க்கு எண் ஒன்று, டிஸ்பிளேக்கு எண் இரண்டு கொடுத்தாள். அந்தப் பெட்டிக்குத் தமிழ் தெரியாது என்பதால், எழுத்துகளைப் படமாக்கி உள்ளே ஏற்றினாள். தொட்டி நிறைந்து மேல் மிதவை எழும்பினால் ஒரு வாசகம், தொட்டி காலியாகிக் கீழ் மிதவை படுத்தால் ஒரு வாசகம். தற்காலிகமாக பேட்டரியில் போட்டுப் பார்த்தாள். தொட்டி காலி. திரை பளிச்சென்று சொன்னது: தண்ணீர் இல்லை.

"அட, உள்ளதச் சொல்லுதேத்தா!" என்று கன்னத்தில் கை வைத்தாள் சோலையம்மாள். ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற தற்காலிகப் பணியாளர் அவள். பதினோரு வருஷமாகத் தற்காலிகம்.

அந்த நேரம் பார்த்து வாரியத்தின் செயற்பொறியாளர் மாரீஸ்வரன், முத்திரையை உடைக்கச் சுத்தியலோடு உள்ளே வந்தார். பின்னாலேயே ஃபைலோடு கண்காணிப்பாளர் கோகிலாம்பாள். மாரீஸ்வரன் திரையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். சுத்தியலைக் கோகிலாம்பாளிடம் கொடுத்தார்.

"யாரும்மா இத எழுதுனது?"

"நாந்தான் சார்."

"இந்த வாரியம் ஆரம்பிச்சுப் பதினெட்டு வருஷமாகுது. இந்தப் பதினெட்டு வருஷத்துல 'தண்ணீர் இல்லை'ங்கிற வார்த்தை எங்க ஃபைல் ஒன்னுலயாவது இருக்கா, மேடத்தக் கேட்டுப் பாருங்க. தண்ணி இல்லாம இருந்திருக்கு. வார்த்தை இருந்ததே கெடையாது."

"கெடையாது" என்று கோகிலாம்பாள் ஆமோதித்தாள்.

"மோட்டார் ஓடுனதும் மாறிரும் சார்" என்றாள் அனுசியா.

"ஓடுறதுக்கு முன்னாடி ஒருத்தர் பாத்துட்டா?"

சுத்தியல் ஜீப்பில் ஏறித் திரும்பிப் போயிற்று.

ஒன்பதாம் நாள் அருப்புக்கோட்டை அலுவலகத்தில் 'செய்தி வாசகத் தேர்வுக் குழு' கூடியது. நீண்ட மேஜை, பதினொரு நாற்காலி. அனுசியாவுக்குப் பன்னிரண்டாவதாக ஒரு ஸ்டூல். முதல் பொருள், எண்.

"பி.எல்.சி.க்கு ஒன்னுன்னு யாரக் கேட்டு வச்சீங்க?" என்றாள் கோகிலாம்பாள். "எங்க பணிமூப்புப் பட்டியல்ல ஒன்னு சார்தான். கடைசி எண்பத்தாறு, வாட்ச்மேன். நேத்து வந்த பொட்டி அவருக்கும் முன்னாலயா?"

பி.எல்.சி.க்கு எண்பத்தேழும் டிஸ்பிளேக்கு எண்பத்தெட்டும் ஒதுக்கப்பட்டன. வாட்ச்மேன் எழுந்து குழுவுக்கு நன்றி தெரிவித்தார்.

அடுத்தது வரவேற்பு. எந்தச் செய்தியும் வருவதற்கு முன், 'வறள்நிலக் குடிநீர் ஒருங்கிணைப்பு வாரியம் தங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று வர வேண்டும்.

அனுசியா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "முப்பத்தேழு எழுத்து சார். பொட்டியில முப்பத்திரண்டுக்குத்தான் எடம்."

கோகிலாம்பாள் சிரித்தாள். "எத்தனாவது வரைக்கும் படிச்சம்மா? புள்ளி வச்ச எழுத்துக்கு அரை மாத்திரைதானே? இதுல புள்ளி எழுத்து பத்து இருக்கு. அரை அரையாக் கூட்டுனா அஞ்சு கொறையுது. முப்பத்தேழுல அஞ்சு போனா எவ்வளவு?"

"முப்பத்திரண்டு. ஆனா பொட்டி இலக்கணம் படிக்கலயே மேடம்."

"படிக்காத பொட்டிய எதுக்கு வாங்குனீங்க?" என்றார் மாரீஸ்வரன். கடைசியில், வாசகம் வலமிருந்து இடமாக ஓட வேண்டும், மூன்று முறை ஓட வேண்டும், அதன் பிறகே செய்தி வர வேண்டும் என்று முடிவாயிற்று. மூன்று முறை ஓட ஒன்றே கால் நிமிஷம் ஆகும், அதற்குள் மோட்டாருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று அனுசியா கேட்டாள். வரவேற்பு முடியும் வரை பொறுக்காத மோட்டாரை வாரியம் ஏற்காது என்று குறிப்பில் எழுதினார்கள்.

பிறகு அந்தச் சொல்லுக்கு வந்தார்கள். 'தண்ணீர் இல்லை' என்பதற்குப் பதிலாக ஆளுக்கொரு வாசகம் சொன்னார்கள். 'தண்ணீர் பரிசீலனையில் உள்ளது.' 'தண்ணீர் வருகை எதிர்நோக்கப்படுகிறது.' 'தண்ணீர் விடுப்பில் உள்ளது.' கடைசியாகச் சொன்னதற்கு, என்ன விடுப்பு, மருத்துவமா ஈட்டியதா என்று கேள்வி எழுந்து, கால் மணி நேரம் போயிற்று. டீ வந்தது. டீக்குப் பின் தம்ளர் கழுவத் தண்ணீர் வரவில்லை. அதை யாரும் எந்தச் சொல்லாலும் குறிப்பிடவில்லை.

அன்று காலை வேப்பங்கரிசலுக்குப் போன அனுசியா, லாரி வராத நாளில் குடங்கள் வெயிலில் வரிசையாக நின்றதைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். தனக்குத்தானே பேசுவதாக நினைத்துக்கொண்டு கொஞ்சம் சத்தமாகவே முணுமுணுத்துவிட்டாள்.

"இதுக்கு எங்கம்மாவே தேவல. வீட்டுல அரிசி தீந்துபோனா இல்லேன்னு சொல்லாது. நெறஞ்சிருக்குன்னுதான் சொல்லும்."

மாரீஸ்வரன் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"அதான்! அதான் நம்ம பண்பாடு! எங்க வீட்லயும் அப்படித்தான். இல்லாததை இல்லேன்னு சொல்ற ஊராய்யா நம்ம ஊரு? எழுதுங்க மேடம். தொட்டி காலியானா, 'தண்ணீர் நிறைந்துள்ளது'."

"சார், தொட்டி நெறஞ்சாலும் அதான் சார் வரும்!"

"பாத்தீங்களா? பாரபட்சமே கெடையாது."

"ஒரே வாசகம் ரெண்டுக்கும். எழுத்தும் மிச்சம்" என்றாள் கோகிலாம்பாள், எழுதிக்கொண்டே.

"ஓட்டணுமா நிறுத்தணுமான்னு பாக்குறவங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

மாரீஸ்வரன் அவளைக் கனிவாகப் பார்த்தார். "அனுசியாம்மா, ஜனங்களுக்குத் தண்ணிய விட நம்பிக்கைதான் முக்கியம். தண்ணி குடிச்சா தீந்துபோகும். நம்பிக்கை தீராது. அத நாங்க பதினெட்டு வருஷமாத் தடையில்லாம சப்ளை பண்ணிக்கிட்டு இருக்கோம்."

கூட்டம் கை தட்டியது. ஸ்டூலில் இருந்தவளின் பண்பாட்டு உணர்வைப் பாராட்டி ஒரு தீர்மானமும் நிறைவேறியது.

முப்பத்தெட்டாம் நாள் திறப்பு விழா. பந்தல், மைக் செட், ரிப்பன். மாரீஸ்வரன் முத்திரையை உடைத்து மெயின் சுவிட்சைப் போட்டார். திரையில் வாரியம் மூன்று முறை அன்புடன் வரவேற்றது. பிறகு, ஒரு சொட்டுக் கூட இல்லாத தொட்டியைப் பற்றித் திரை சொன்னது: தண்ணீர் நிறைந்துள்ளது. கூட்டம் கை தட்டியது. மாரீஸ்வரன் கண் கலங்கினார்.

"சரிங்கய்யா, மோட்டாரப் போடவா?" என்றாள் சோலையம்மாள்.

கோகிலாம்பாள் இயக்க விதிமுறைகளைப் பிரித்தாள். "விதி ஏழு. திரையில் 'நிறைந்துள்ளது' என இருக்கும்போது மோட்டாரை இயக்கக் கூடாது. இயக்கினால் பணியாளர் நீக்கப்படுவார்."

"பொட்டி தானாவே ஓட்டிக்கிரும் மேடம், அந்த மாதிரிதான் வச்சிருக்கேன்" என்று அனுசியா முன்னால் வந்தாள்.

"தானாவா? நேத்தே வேற ஆள வச்சு அத எடுத்துட்டோம்மா" என்றார் மாரீஸ்வரன். "பொட்டிக்கு மெமோ குடுக்க முடியுமா? விளக்கம் கேட்க முடியுமா? நாளைக்கு ஒரு தப்பு நடந்தா யாரச் சஸ்பெண்ட் பண்றது? அதுக்குத்தான் அம்மா இருக்காங்க." சோலையம்மாளைக் காட்டினார்.

"அவசரத்துக்கு ஓட்டணும்னா?"

அதற்கும் வழி இருந்தது. டிஸ்பிளேயில் நான்கு இலக்கக் கடவு எண்ணைத் தட்டினால் ஓட்டலாம். பாதுகாப்புக்காக நான்கு இலக்கத்தையும் நான்கு அதிகாரிகளுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் இலக்கத்தை வைத்திருந்தவர் போன மாதம் ஓய்வு பெற்றார், இலக்கமும் பிரிவு உபசார விழாவில் மாலை மரியாதையோடு அவரோடு போய்விட்டது. கடைசியாக, யாரும் கை வைக்காமல் இருக்க, அனுசியா லேப்டாப்பைச் செருகுகிற துவாரத்தின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்தார்கள். மெயின் சுவிட்சிலிருந்து உடைத்த அரக்கே அதற்குப் போதுமாக இருந்தது.

மறுநாளிலிருந்து லாரியும் வரவில்லை. தொட்டி நிறைந்திருக்கிற ஊருக்கு எதற்கு லாரி?

வேப்பங்கரிசல்காரர்கள் மூன்று மைல் நடந்து ஒரு தோட்டத்துக் கிணற்றில் இறைத்தார்கள். அனுசியா பட்டறைக்கும் ஊருக்குமாக ஸ்கூட்டியில் அலைந்தாள். ஒரு நாள் வழியில் சோலையம்மாள் அவளை மறித்தாள். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம்.

"ஏத்தா, ஒங்க வீட்டு அரிசிப் பானையக் கொண்டாந்து எங்க தொட்டிக்குள்ள கவுத்திட்டியே, நல்லாருப்பியா நீ?"

"நான் அப்படி நெனச்சுச் சொல்லலக்கா…"

"ஒங்கம்மா நெறஞ்சிருக்குன்னு சொல்லிட்டு என்ன செய்யும்?"

"கடைக்குப் போயி வாங்கிட்டு வரும்."

"இவுக சொல்லிட்டு என்ன செஞ்சாக?"

சோலையம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். அவள் காலில் செருப்பு இல்லை. கரிசல் வெடித்துக் கிடந்தது.

அன்று மாலையே அனுசியா பட்டறையில் உட்கார்ந்து மனு எழுதினாள். "வாசகத்தை மாற்றணும்" என்று கேட்டால் காரணம் கேட்பார்கள். காரணத்தில் அந்தச் சொல் வந்துவிடும், மனு திரும்பிவிடும். மூன்று மனு அப்படித் திரும்பியிருந்தது. மூன்றாவது மனுவில் 'இல்லாதபடியால்' என்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'தவிர்க்க வேண்டிய சொல்லின் இனம்' என்று எழுதியிருந்தார்கள்.

முஸாஃபர் பாய் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்தார். "நான் பாலைவனத்துல பதினாறு வருஷம் இருந்தவன்மா. அங்கயே தண்ணி இல்லேன்னா இல்லேன்னுதான் போர்டுல வரும். இங்க அந்த ஒத்தச் சொல்லுக்கு இவுகளுக்கு இம்புட்டு அலர்ஜியா இருக்கே! 'இல்லை'ன்னு முடியுற ஒரு சொல்லாவது இவுகளுக்குப் புடிக்குமா?"

அனுசியா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து நாலாவது மனுவை எழுதினாள்.

மனுவில் இரண்டு கட்டம். முதல் கட்டத்தின் தலைப்பு 'வாசகம்'. அதில், குறை இல்லை. இரண்டாவது கட்டத்தின் தலைப்பு 'தோன்றும் நிலை'. அதில், கீழ் மிதவை படுக்கும்போது. இப்போது அங்கே வரும் வாசகத்துக்குப் பதிலாக. கீழே, எல்லாம் விவரமாக எழுதி, ஒரு கையேடும் இணைத்தாள். வாரியம் இணைப்புகளைப் பிரிப்பதில்லை என்பது அவளுக்கு இந்த இரண்டு மாதத்தில் தெரிந்திருந்தது. ஆனாலும் மறைத்தாள் என்று நாளைக்கு ஒரு சொல் வரக் கூடாது.

மாரீஸ்வரன் முதல் கட்டத்தைப் படித்தார். இன்னொரு தடவை வாய்விட்டுப் படித்தார். "குறை… இல்லை." இனிப்புச் சாப்பிட்டவர் போல உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"மேடம், இங்க வாங்க. பொட்டியே சொல்லுது பாருங்க."

"இதுல 'இல்லை' வருதே சார்?"

"எது இல்ல? குறைதானே இல்ல? இப்படி வர்ற 'இல்லை' எத்தன வந்தாலும் வரட்டும். ஒரு நாளைக்கு எத்தன தடவ வரும்மா?"

"தொட்டியோட அளவுக்கு, ரெண்டு தடவ வரும் சார்."

"கூட்ட முடியாதா?"

எழுபத்தொன்றாம் நாள் துவாரத்தின் அரக்கு உடைந்தது. அனுசியா லேப்டாப்பைச் செருகி, ஒரு படத்தை எடுத்துவிட்டு வேறு படத்தை வைத்தாள். இரண்டு நிமிஷம். வாரியம் மூன்று முறை வரவேற்று முடித்ததும் திரை சொன்னது: குறை இல்லை. விதி ஏழில் 'நிறைந்துள்ளது' என்றால் ஓட்டக் கூடாது என்றுதான் இருந்தது. 'குறை இல்லை' என்றால் ஓட்டக் கூடாது என்று எங்கும் இல்லை. சோலையம்மாள் பச்சைப் பொத்தானை அமுக்கினாள். பூமிக்கடியில் ஏதோ கனைத்தது. குழாய் முதலில் காற்றைத் துப்பியது, பிறகு மண் கலங்கல், பிறகு தண்ணீர். மாரீஸ்வரன் வேலை முடிந்ததற்குக் கையெழுத்துப் போட்டார். அவரைத் தவிர அங்கிருந்த எல்லோரும் நனைந்திருந்தார்கள்.

அதற்கப்புறம் வேப்பங்கரிசலில் பேச்சே மாறிப்போயிற்று. "எங்க வீட்டுல காலையிலருந்து குறை இல்லடி, ரெண்டு குடம் தாயேன்" என்று பெண்கள் கேட்டார்கள். அடுப்பில் கேஸ் தீர்ந்தால் குறை இல்லை. பையில் செல்போன் சார்ஜ் தீர்ந்தால் குறை இல்லை. ஆய்வுக்கு வந்த மாரீஸ்வரன் தெருத் தெருவாக, "ஏதாச்சும் குறை இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே போனார். மேலத்தெருவில் நாலு நாளாகக் குழாய் உடைந்து கிடந்தது. அங்கேதான் எல்லோரும் ஒரே குரலாகச் சொன்னார்கள்: "குறையே இல்லய்யா!" சத்தமாகச் சொன்னார்கள், கையை விரித்துச் சொன்னார்கள், ஒரு கிழவர் மாரில் அடித்துக்கொண்டு சொன்னார். இவ்வளவு உருக்கமான திருப்தியைத் தன் பணிக்காலத்தில் கண்டதில்லை என்று மாரீஸ்வரன் பதிவேட்டில் எழுதினார்.

வாரியத்துக்குக் கேடயம் கிடைத்தது. அந்த உற்சாகத்தில் அருப்புக்கோட்டை அலுவலகத்தின் மாடித் தொட்டிக்கும் அதே போல் ஒரு டிஸ்பிளே வைக்கச் சொன்னார் மாரீஸ்வரன். அதே வாசகம், அதே விதி ஏழு. அனுசியா வைத்துக் கொடுத்தாள். கையேட்டையும் கொடுத்து, "மூணாம் பக்கம் கட்டாயம் படிங்க சார்" என்றும் சொன்னாள். கோகிலாம்பாள் கையேட்டுக்கு எண் போட்டு, ஃபைலில் கட்டி, பீரோவில் வைத்தாள்.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு அனுசியா வேப்பங்கரிசலில், மேலத்தெருக் குழாய்க்கு வால்வு மாட்ட உதவிக்கொண்டிருந்தாள். செல்போன் அடித்தது.

"அனுசியாம்மா, நான் மாரீஸ்வரன் பேசுறேன்." குரல் எதிரொலித்தது. சின்ன அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லப் பேசுகிற குரல்.

"சொல்லுங்க சார்."

"ஆபீஸ்ல… பைப்பத் திறந்தா காத்துதாம்மா வருது."

"போர்டுல என்ன சார் போட்டிருக்கு?"

"நான் உள்ள இருக்கேம்மா. வெளிய வர்ற நெலமையில இல்ல. மேடத்தப் பாக்கச் சொன்னேன். குறை இல்லைன்னு போட்டிருக்காம். வாட்ச்மேனும் பாத்துட்டு, சரிதான்னு போயி ஒக்காந்துட்டானாம்."

"அப்புறம் என்ன சார்?"

குழாயைத் திருகித் திருகிப் பார்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குரல் உயர்ந்தது. "வெளையாடாதம்மா. தண்ணி இல்ல. சுத்தமா இல்ல. ஒரு சொட்டு இல்லம்மா!"

அனுசியா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். "சார், இப்பச் சொன்னீங்களே, அத இன்னொரு தடவ மெதுவாச் சொல்லுங்க. முப்பத்திரண்டு எழுத்துக்குள்ள வருதான்னு பாத்துச் சொல்றேன்."

பக்கத்தில் குடத்தை வைத்துவிட்டுச் சோலையம்மாள் நிமிர்ந்தாள். "யாருத்தா போன்ல?"

"மாரீஸ்வரன் சாருக்கா. அவுக ஆபீஸ்ல குறை இல்லையாம்."

"அய்யய்யோ!" என்று நெஞ்சில் கை வைத்தாள் சோலையம்மாள். "எப்ப இருந்து?"